எழுதினால் நடந்துவிடும்

ஜூன் 2, திங்கள்

எனக்குக் கவலைப்படும் சுபாவம் கிடையாது. இதை முதல் வரியாகவே எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது இந்த டைரியைப் புரட்டிவிட்டு ஆள் தெரியாமல் பேசக்கூடாது. இதில் வரப்போவது என் மனைவி தமயந்தியின் கவலைகள். எழுதுகிற கை மட்டும்தான் தனுஷ்கோடியாகிய என்னுடையது.

தமயந்திக்குக் கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. வெளியே கிளம்பினால், காஸை மூடினோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டை நம்பாவிட்டால் எப்படி என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஓசூரில் வேலை பார்க்கும் மகள் பிருந்தா போனை எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானால் போதும், விபத்து, ஆஸ்பத்திரி, போலீஸ் என்று எல்லாம் இவள் மனதுக்குள் நடந்து முடிந்துவிடும். அதனால் சனிக்கிழமை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் அம்மாவுக்குச் சின்ன வயதுதான். நாற்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். ஆளின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளவாம். சின்ன விஷயத்துக்கும் மனம் பதறுமா, நடக்காததை நினைத்துத் தூக்கம் கெடுமா, இந்த மாதிரி. தமயந்தி முப்பத்தொன்றுக்கு 'ஆம்' போட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று நானும் ஒரு தாள் வாங்கி நிரப்பினேன். நாற்பதுக்கும் 'இல்லை'. டாக்டர் என் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நாப்பதுக்குமே இல்லையா சார்? இப்படி ஒரு தாளை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. உங்கள ஒரு நாள் தனியா பாக்கணுமே."

சந்தோஷமாக இருந்தது. படித்தவர்கள் வாய்விட்டுப் பாராட்டுவது அபூர்வம்.

தமயந்திக்கு அவர் சொன்ன வைத்தியம் சுலபமானது. முப்பது நாள் ஒரு நோட்டுப் போட்டு, வருகிற கவலைகளை எல்லாம் எழுத வேண்டும். என்ன கவலை, பத்துக்கு எத்தனை மார்க், கடைசியில் அது நடந்ததா இல்லையா. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நடந்தே இருக்காது, மனது தானாகப் புரிந்துகொள்ளும் என்றார்.

"நான் எழுத மாட்டேன் டாக்டர்," என்றாள் தமயந்தி. "எழுதுனா நடந்துரும்."

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவள் பேனாவைத் தொடவில்லை. சரி, நானே எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஜனவரியில் கம்பெனி கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மாதான் கிடக்கிறது.

எண் 1: காஸ். மார்க் 7. நடக்கவில்லை.
எண் 2: பூட்டு. மார்க் 6. நடக்கவில்லை.
எண் 3: பிருந்தா சாப்பிட்டிருப்பாளா. மார்க் 5. சாப்பிட்டாள். பரோட்டா.

ஜூன் 4, புதன்

இருபத்தாறு வருடமாக இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிறேன். நாற்பது கேள்வி இல்லாமலே ஒரு ஆளின் சுபாவத்தைச் சொல்லிவிடுவேன். என் கணக்கில் மனிதர்கள் நான்கு ரகம். வருவதற்கு முன்பே பயப்படுகிறவர். இவர் தானாகவே பாலிசி கேட்பார். வந்த பிறகு பயப்படுகிறவர். பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்த மறுநாள் இவரைப் பார்க்க வேண்டும். தனக்காகப் பயப்படாமல் பெண்டாட்டி பிள்ளைக்காகப் பயப்படுகிறவர், உத்தமமான வாடிக்கையாளர். கடைசியாக, பயமே இல்லாதவர். இவர் வீட்டில் காபி குடிப்பதுகூட நேர விரயம்.

நான் நான்காவது ரகம். எனக்கே என்னால் ஒரு நல்ல பாலிசியை விற்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று பூட்டுப் பட்டறை வைரவன் சம்மதித்துவிட்டார். ஆறடி உயரம், சுத்தியல் பிடித்துக் காய்த்துப்போன கை. ஆனால் மெடிக்கல் டெஸ்ட் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. ஊசி என்றால் பயமாம். "கவலைப்படாதீங்க, நான் கூட வர்றேன்ல," என்றேன்.

வண்டியிலேயே சுற்றியதில் முட்டி வலி. மெடிக்கலில் சொல்லி வாங்கும் மாத்திரை இருக்கிறது, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு வருடமாக அதில்தான் ஓடுகிறது. இதற்கெல்லாம் டாக்டரிடம் போய் உட்காருகிற ஆளில்லை நான்.

தமயந்தியின் கவலைகள் இன்று நான்கு. நான்கும் நடக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

என் தொழில் ரகசியம் ஒன்றை இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை. ஊசிக்குப் பயப்படுகிற வாடிக்கையாளர் வந்தால், லேபில் முதலில் என் கையை நீட்டிவிடுவேன். "பாருங்க, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல," என்று சிரிப்பேன். வேறு வழியில்லாமல் அவரும் நீட்டிவிடுவார். லேபில் இருக்கும் ஜெசிந்தாவுக்கு இந்த ஆட்டம் பழக்கம். என் ரத்தத்தைப் பிறகு கொட்டிவிடுவார்.

இன்றும் அப்படித்தான் நீட்டினேன். ஜெசிந்தா ஊசியை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"சார், கண்ணுக்குக் கீழ வீங்குன மாதிரி இருக்கே. எடுத்தது எடுத்தாச்சு, உங்களுக்கும் சேத்து மிஷின்ல போட்டுரட்டுமா?"

வைரவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "தாராளமா போடுங்க," என்றேன். வைரவன் கண்ணை மூடிக்கொண்டு, முருகா முருகா என்று கையை நீட்டினார்.

முகம் வீங்கியிருக்கிறதாம். கண்ணாடியில் பார்த்தேன். பூசினாற்போல் இருக்கிறேன், அவ்வளவுதான். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு களை வரக்கூடாதா?

ஜூன் 7, சனி

கவலைகள் ஐந்து. நடந்தது பூஜ்யம்.

ஜூன் 9, திங்கள்

ஜெசிந்தா போன் செய்தார். வைரவனுக்கு எல்லாம் நார்மல். இருபது வயதுப் பையன் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறதாம்.

"உங்களோடதும் இருக்கு சார். நீங்க கண்டிப்பா வந்து வாங்கிக்கங்க. உடனே ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்."

போய் இரண்டையும் வாங்கினேன். ஜெசிந்தா ஏதோ விளக்க ஆரம்பித்தார். எனக்கு வேறு ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது. என் உறையில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. நடுரோட்டில் நின்று பிரிக்கிற வழக்கம் எனக்கில்லை. வண்டிப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தமயந்தி கேட்டாள்: "லேப்ல வேற ஒண்ணும் சொல்லலையே?"

எண் 26. சம்பந்தமே இல்லாத கவலை. மார்க் 6.

ஜூன் 11, புதன்

செருப்புக் கடைக்காரர்கள் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எட்டாம் நம்பர் என்று போட்டு ஏழாம் நம்பரை விற்கிறார்கள். சாயங்காலமானால் வார் காலில் பதிந்து தடம் விழுகிறது. இன்று ஒன்பதாம் நம்பர் வாங்கிவிட்டேன். விஷயம் முடிந்தது.

தமயந்தி என் பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. அது எழும்பி வரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கால் இப்படி வீங்கியிருக்கே."

எண் 34: கால் வீக்கம். மார்க் 9. நடக்கவில்லை. (செருப்பு மாற்றியாயிற்று.)

ஜெசிந்தா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். எடுக்க நேரமில்லை. லேப்காரர்களுக்கும் இப்போது ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது போல.

ஜூன் 13, வெள்ளி

நல்ல மழை. வண்டிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும் என்பதால் உறையை எடுத்து வந்து மேசை டிராயரில் வைத்தேன். பிறகு அங்கே இடைஞ்சலாக இருந்ததால் பீரோவில், பழைய பாலிசி பைல்களுக்கு அடியில் வைத்தேன். எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். இது ஒழுங்கு. தமயந்தி செய்வது பதற்றம். வித்தியாசம் தெரியாதவர்கள் இரண்டையும் ஒன்று என்பார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கூட்டிப் பார்த்தேன். இதுவரை மொத்தக் கவலைகள் 41. நடந்தது ஒன்றே ஒன்று (எண் 19, பால் பொங்கி வழிந்தது). ஆனால் விசேஷம் அதுவல்ல. நேற்றும் இன்றும் தமயந்தி ஒரு கவலைகூடச் சொல்லவில்லை. நேற்று மதியம் தனியாகவே கடைக்குப் போய்விட்டு வந்தாள். பூட்டை ஒரு தடவைகூட இழுத்துப் பார்க்கவில்லை என்று எதிர் வீட்டுக்காரரே சொன்னார்.

டைரி வேலை செய்கிறது. அவளிடம் சொன்னேன்: "பாத்தியா, நாப்பத்தொண்ணுல ஒண்ணுதான் நடந்திருக்கு."

"ஆமா," என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

கவலைகள்: இல்லை.

ஆனால் மனது ஒரு பக்கம் சரியானால் இன்னொரு பக்கம் பிசகும் போலிருக்கிறது. தமயந்திக்கு ஞாபக மறதி வந்துவிட்டது. மூன்று நாளாகச் சாப்பாட்டில் உப்பே இல்லை. ஊறுகாய் எங்கே என்றால் தீர்ந்துவிட்டது என்கிறாள். அப்பளமும் தீர்ந்துவிட்டதாம். கருவாடு வாங்கி வந்தேன். அதைத் தூக்கி எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இதை ஒரு நாள் டாக்டர் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

முட்டி மாத்திரைப் பட்டை காணவில்லை. புதுப் பட்டை வாங்கி அதே அலமாரியில் வைத்தேன், சாயங்காலம் அதையும் காணவில்லை.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றாள் தமயந்தி, என் முகத்தைப் பார்க்காமல்.

எலிக்கும் முட்டி வலியா? மறுபடி மெடிக்கலுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஸ்டாக் இல்லை என்றார். பின்னால் ரேக்கில் அது அடுக்கி இருந்ததை நான் பார்த்தேன். இந்த ஊரில் எல்லோருக்கும் என்னவோ ஆகிவிட்டது. வலியோடுதான் சுற்றுகிறேன்.

ஜூன் 21, சனி

கவலைகள்: இல்லை. இது எட்டாவது நாள்.

இன்று காலையில் கிளம்பிய பிறகு, காஸை மூடியிருப்பாளா என்று தோன்றியது. அவள்தான் பார்ப்பதை விட்டுவிட்டாளே. பேகம்பூர் வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. அப்படியே பீரோவையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். அதுவும் பூட்டித்தான் இருந்தது. இதைக் கவலை என்று கணக்கில் சேர்க்க முடியாது. வீட்டில் யாராவது ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டுமே.

ஜூன் 22, ஞாயிறு

காஸ், இரண்டு தடவை. பீரோ, மூன்று தடவை.

ஜூன் 24, செவ்வாய்

வைரவனுக்குப் பாலிசி வந்துவிட்டது. அல்வாவும் அவரே செய்த ஒரு பூட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, சத்தியமா சொல்றேன். அன்னைக்கி நீங்க மட்டும் கைய நீட்டலைன்னா நான் எந்திரிச்சு ஓடிருப்பேன். உங்களப் பாத்துத்தாண்ணே எனக்குத் தைரியமே வந்துச்சு." பிறகு அல்வாவை என் பக்கம் தள்ளிக்கொண்டே கேட்டார்: "ஆமா, உங்க ரிப்போர்ட் எப்படிண்ணே வந்துச்சு?"

"நார்மல்," என்றேன். "எல்லாம் நார்மல்."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. கை வழுக்கியிருக்கும்.

தமயந்தி காபி கொண்டு வந்தாள். வைரவன், "மதினிக்குக் கண்ணு கலங்கியிருக்கே," என்றார். வெங்காயம் என்றாள். அவர் போன பிறகு பார்த்தேன். அடுப்படியில் வெங்காயமே இல்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் உறையைக் கையில் எடுத்தேன். பிரிக்க அல்ல, வேறு இடத்தில் வைக்கலாம் என்றுதான். அதில் இருந்த ஸ்டேப்ளர் பின்கள் இரண்டையும் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. தமயந்தி தாலிக்கயிற்றில் மாட்டி வைத்திருக்கும் ஊக்கு. இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நேரம் பீரோ முன்னால் நின்றேன். பிறகு அந்த ஊக்கைக் கழற்றி, உறையைப் பிரித்துப் படித்தேன். கிரியேட்டினின் 3.1. பக்கத்தில் நார்மல் 1.3 வரை என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே ஜெசிந்தா சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். இருபத்தாறு வருடமாக அடுத்தவர்களின் ரிப்போர்ட்டைப் படிக்கிறவன். கிட்னி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் கம்பெனி என்ன சொல்லும் என்பதும் தெரியும்.

தமயந்தி பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊக்கை அவள் முன்னால் வைத்தேன்.

"எப்ப பாத்த?"

"பதினாலாந்தேதி. வண்டியிலருந்து எதையோ எடுத்துட்டு வந்து டிராயர்லயும் பீரோலயும் மாத்தி மாத்தி வச்சீங்களே. அதுக்கு மறுநாள்." நறுக்குவதை நிறுத்தவில்லை. "கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு நம்ம டாக்டரம்மாகிட்டதான் போனேன். அந்த மாத்திரைய மொதல்ல நிறுத்துங்க, உப்பக் குறைங்கன்னாங்க. நாலஞ்சு நாள் தயங்கிட்டு மாத்திரைப் பட்டைய எடுத்து ஒளிச்சேன், நீங்க புதுசு வாங்கிட்டு வந்ததும் மெடிக்கல்லயும் போய்ச் சொல்லிட்டு வந்தேன். மதுரையில கிட்னி டாக்டருக்குத் தேதி கேட்டேன். நாளான்னைக்கித்தான் கெடைச்சுச்சு. பதினோரு மணிக்கு."

"பன்னெண்டு நாளா என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

இப்போது கத்தியைக் கீழே வைத்தாள்.

"கேட்டா என்ன பண்ணுவீங்க? அதுக்கும் ஒரு நம்பர் போட்டு, பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, நடக்கலைன்னு எழுதிட்டுச் செருப்ப மாட்டிட்டுக் கெளம்பிருவீங்க. நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன். வைரவன்கிட்ட நார்மல்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் நீங்களா சொல்லவே மாட்டீங்கன்னு புரிஞ்சுச்சு."

பயமாக இருக்கிறது. இந்தப் பதினேழு நாளும் பயமாகத்தான் இருந்தது. ஜெசிந்தா போனில் 'கண்டிப்பா' என்று சொன்ன அந்த நிமிடத்திலிருந்தே பயம். எழுதவில்லை, அவ்வளவுதான். எழுதினால் நடந்துவிடும் என்று நம்பியது அவள் மட்டும் இல்லை போலிருக்கிறது.

எண் 34: 'நடக்கவில்லை' என்பதை அடித்துவிட்டு 'நடந்தது' என்று எழுதினேன்.

எண் 42: செத்துப்போய்விடுவேனோ. கவலை என்னுடையது. மார்க் பத்துக்குப் பத்து.

ஜூன் 28, சனி

மதுரை. டாக்டர் பெரியவர், அதிகம் பேசாதவர். ரத்தம் மறுபடி எடுக்க வேண்டும், ஸ்கேனும் பார்க்க வேண்டும் என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் பட்டையைக் கட்டியதும் என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. எத்தனை பேருக்காக நீட்டிய கை! எனக்காக நீட்டுவது இதுதான் முதல் தடவை. நர்ஸ், "கையக் குடுங்க சார்," என்று மூன்று தடவை சொல்லிவிட்டார்.

தமயந்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்கை வரை சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"மொதல்ல எனக்கு எடும்மா. அவரு பாக்கட்டும்."

"உங்களுக்கு எழுதலையேம்மா."

"சும்மா எடு. அப்புறம் கீழ ஊத்திக்க."

நர்ஸ் சிரித்துவிட்டார். அவளுக்கு எடுக்கவில்லை. ஆனால் அவள் கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தாள், நானும் நீட்டிவிட்டேன். எறும்பு கடித்த மாதிரியெல்லாம் இல்லை. நன்றாகவே வலிக்கிறது. வைரவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சாயங்காலம் ரிசல்ட் பார்த்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 2.6. இறங்கியிருக்கிறது. ஸ்கேனிலும் கிட்னி சுருங்கவில்லை.

"வலி மாத்திரை எப்ப நிறுத்துனீங்க?"

"ஒம்போது நாள் ஆச்சு சார்."

"யார் சொல்லி நிறுத்துனீங்க?"

நான் தமயந்தியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"எலி, சார்," என்றேன்.

இருந்தாலும் சந்தோஷப்பட நேரம் வரவில்லை என்றார் டாக்டர். மாத்திரையால் வந்ததா, வேறு ஏதாவதா என்று தெரிய, கிட்னியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை.

எண் 43 முதல் 60 வரை, என்னுடையவை. தனித்தனியாக எழுத இடமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இது தமயந்தி எழுதுவது.

மதியம் ஊசி போட்டு எடுத்துவிட்டார்கள். ஆறு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் என்னை நாலு தடவை கேட்டுவிட்டார், வீட்டில் காஸை மூடிவிட்டுத்தானே வந்தோம் என்று. மூடிவிட்டோம் என்று நாலு தடவையும் சொன்னேன். ஒரு தடவைகூட நான் சிரிக்கவில்லை, நம்பர் போடவும் இல்லை. இப்போதுதான் கண் அசந்திருக்கிறார்.

இன்றோடு முப்பது நாள். பக்கம் காலியாக இருந்தது. பேனாவும் டைரியிலேயே செருகி இருந்தது. முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். பரோட்டா சாப்பிட்டதைக்கூட எழுதி வைத்திருக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது?

எழுதினால் நடந்துவிடும் என்று நான் டாக்டரிடம் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறார். நான் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரும். மாத்திரையால் வந்ததுதான், வேறு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்வார். 2.6 இரண்டாகும், பிறகு அதற்கும் கீழே இறங்கும். கால் வீக்கம் வடிந்து, இவர் திரும்ப எட்டாம் நம்பர் செருப்புப் போடுவார். பிருந்தா கல்யாணத்தில் என் பக்கத்தில் நிற்பார், உப்பு இல்லை என்று சமையல்காரரிடம் சண்டை போடுவார்.

அடித்தல் திருத்தல் இல்லாமல், அடுத்த பக்கத்திலும் பதிகிற மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறேன்.